மணம் வருதா, சாரே?

நான் வடசேரியில் ஏறிய திருவனந்தபுரம் பேருந்தில், அவர் மார்த்தாண்டத்தில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். இனயம் என்ற கடற்கரை ஊர்க்காரர். கத்தை மீசை, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, மடியில் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி. மாலை விமானத்தில் குவைத் போகிறாராம். திடீரென்று பெட்டியை என் மூக்கருகே நீட்டினார்.

“மணம் வருதா, சாரே?”

“கருவாடுதானே?”

அவர் முகம் விழுந்துவிட்டது. “ஏழு கவரு சுத்தியிருக்கு. எனக்க வீட்டுல எல்லாருட்டயும் கேட்டேன், இல்லன்னுட்டாவ. பழகுன மூக்குல்லா, எங்களுக்குத் தெரியாது. ஏர்போர்ட்டுல கண்டா தூரக் களைஞ்சிருவான்.”

பையிலிருந்து டேப்பை எடுத்து, பெட்டியைத் திறந்து, மேலும் இரண்டு கவர் சுற்றி ஒட்டினார். மறுபடியும் நீட்டினார். இந்த முறை உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை.

“இப்ப இல்ல,” என்றேன்.

“கொஞ்சங்கூடவா?”

“கொஞ்சங்கூட இல்ல.”

அவர் மகிழவில்லை.

“ரூம்ல ஆறு பேரு காத்திருக்கானுவ, சாரே. மணம் போன கருவாட்ட வச்சி நான் என்ன செய்ய?”

டேப்பைப் பல்லால் கடித்து ஒரு கவரைப் பிரித்தார். பெட்டி மீண்டும் என் மூக்கை நோக்கி வந்தது. அவருக்கு எந்தப் பதில் வேண்டியிருந்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது.