வரி வரும்வரை கிடந்த கரி

ரங்கூனில், பசுந்தாங் ஓடைக்கரையில் இருந்த தஸ்தகீர் ராவுத்தரின் நிலக்கரிக் கிடங்கில் கூடை சுமந்தவள் மங்கலம். துறைமுகத்தில் வேலை பார்த்த புருஷன் காலராவில் போனபின் கரி சுமந்தே மகளை வளர்த்தாள்.

1925-இல் கிடங்குக்குத் தென்னாப்பிரிக்காக் கரி வந்து இறங்கியது. ஏற்றுமதிக்கு அந்த நாட்டு அரசாங்கமே பணம் கொடுத்ததால் விலை மலிவு. ரங்கூனுக்குக் கரி அனுப்பிவந்த வங்காளச் சுரங்கக்காரர்கள் கொதித்தார்கள். அந்தக் கரிக்கு வரி போடச் சொன்னார்கள். பர்மாவும் அப்போது டெல்லி ஆட்சியின் கீழ்தான்; வரி போடும் அதிகாரம் டெல்லிக்கா லண்டனுக்கா என்று மேலே இழுபறி. வரி விழுந்தால் கையிலிருக்கும் கரிக்கு விலை ஏறும் என்று ராவுத்தர் விற்காமல் வாங்கிக் குவித்தார். பின்னாலிருந்த கூலிக்குடிசைகளை ஒட்டி, கூரைகளைவிட உயரமாகக் குவியல் எழுந்து நின்றது.

மாசி மாதக் காலையொன்றில் கிடங்கெங்கும் பனி ஈரம். குவியலின் உச்சி மட்டும் காய்ந்து கிடந்தது. மண்ணெண்ணெய் போல ஒரு வாடை. மங்கலம் இரும்புக் கம்பியைச் செருகி இழுத்தாள்; பிடிக்க முடியாத சூடு.

"மொதலாளி, உள்ளுக்குள்ள வேகுது. பிரிச்சுப் பரப்பணும், இல்லேன்னா தானாப் பத்திக்கும்."

ராவுத்தர் கம்பியைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். அவருக்கும் புரிந்தது.

"பரப்ப எடம் ஏதும்மா? வித்தாத்தான் கொறையும். டெல்லியில வரி இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. தண்ணி ஊத்துங்க."

ஊற்றிய தண்ணீர் ஆவியாகத் திரும்பி வந்தது. வாடை இன்னும் கூடியது.

"இனிமே மேல ஏறாதடி," என்றாள் மங்கலம், கூட வேலை பார்த்த அம்சாவிடம்.

"ஏறலேன்னா கூலி யாரு தருவாங்கக்கா?"

மறுநாள் உச்சியில் நடந்த அம்சாவின் காலடியில் கரி உள்வாங்கியது. வலது கால் தொடைவரை புதைய, அலறினாள். மங்கலம் பலகையைப் போட்டுக் குப்புறப் படுத்து, அக்குளில் கைகொடுத்து அவளை இழுத்தாள். அந்தக் குழிக்குள் சிவப்பாகத் தெரிந்தது. அம்சாவை ஆட்களிடம் விட்டுவிட்டுக் குடிசைகளுக்கு ஓடினாள்.

"சட்டி பானையப் பாக்காதீங்க, புள்ளைகளத் தூக்குங்க!"

குவியலிலிருந்து தீ கூரைகளுக்குத் தாவி, மத்தியானத்துக்குள் குடிசைகள் எல்லாம் எரிந்துபோயின. உயிர்கள் தப்பின. அம்சாவின் வலது காலை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

மங்கலம் மகளோடு அவளையும் ஊரின் மேற்கே ஆற்றங்கரையிலிருந்த க்யிம்யிண்டைங்குக்குக் கூட்டிப்போனாள். அங்கே படகுத்துறையில் மங்கலத்துக்குக் காய்கறி மூட்டை இறக்கும் வேலை கிடைத்தது. டெல்லியில் வரிப் பேச்சு இன்னும் முடியவில்லை என்றார்கள். துறைக்குப் போகும் வழியில் வேறு யாரோ ஒருவர் புதிதாகக் கரி கொட்டத் தொடங்கியிருந்தார். அதை ஒட்டிக் குடிசைகளும் எழும்பிக்கொண்டிருந்தன.