பூசணிக்கு ஊற்றாத பால்

இயந்திரத்திலிருந்து அப்போதுதான் வெளியே வந்த தாளுக்கு ஒரு சூடும் ஒரு மணமும் உண்டு. அதனோடு பிய்த்துப் போட்ட அருகம்புல்லின் பச்சை வாசனையும் கொஞ்சம் மூத்திர நெடியும் சேர்ந்தால், அதுதான் என் பதினோராவது வயது. வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிர்வரிசையில் அப்பா ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். தாள் கட்டுகள் வரும் அட்டைப் பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் வெட்டி, கோணலாக விழுந்து வீணான நகல்களைக் கிழித்து உள்ளே மெத்தையாகப் பரப்பி வீட்டில் வைத்திருந்தோம். எங்கள் பூசணி அதன்மேல்தான் படுத்திருக்கும். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, வருமானச் சான்று என்று வேற்றுமை பாராமல் எல்லாவற்றையும் ஓரத்திலிருந்து கொறிக்கும். "இதுக்குத் தெரியாத பட்டா விவகாரம் இந்த ஜில்லாவுலயே கிடையாது" என்பார் அப்பா.

பூசணி ஒரு கினிப் பன்றி. கிரிவலப் பாதையில் வாடகைக்கு இருந்த வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் விசா தாள்களை நகலெடுக்க வந்து வந்து அப்பாவுக்குப் பழக்கமாகி, ஒரேயடியாக ஊருக்குத் திரும்பும்போது அதை ஒரு கூடையில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். பன்றி என்ற சொல்லை அம்மா வீட்டுக்குள் அனுமதிக்கவில்லை. ஆகவே தெருவில் அது "சீமை எலி" ஆயிற்று. பிளாஸ்டிக் பை சரசரத்தால் போதும், கொத்தமல்லி வந்துவிட்டதென்று "வீக் வீக்" என ஊரைக் கூட்டிவிடும். கோயில் வாசலில் பிள்ளையாருக்கென்று விற்கும் அருகம்புல் மாலையை அம்மா அதற்காகத் தினமும் வாங்கி வருவாள். அந்தப் பூக்காரம்மாவுக்கு அம்மா மேல் அப்படியொரு மரியாதை. இவ்வளவு பக்தியுள்ள குடும்பத்தை அவர் பார்த்ததே இல்லையாம். உண்மையைச் சொல்லும் தைரியம் எங்களில் யாருக்கும் கடைசிவரை வரவில்லை.

எங்களிடம் வந்து ஐந்து வருடம் ஆனபோது அதன் சத்தம் கம்மியாகிவிட்டது. பை சரசரத்தாலும் தலையை மட்டும் தூக்கிப் பார்க்கும். வயிறு ஒரு பக்கமாகப் புடைத்திருந்தது. கால்நடை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு சினை மாடும் பின்னால் நான்கு ஆடுகளும் நின்றன. டாக்டர் சிரிப்பார் என்று பயந்துகொண்டே போனேன், அவர் சிரிக்கவில்லை. உள்ளங்கையில் ஏந்தி நெடுநேரம் வயிற்றைத் தடவிப் பார்த்தார். "கட்டி பெருசா இருக்கு. அறுத்தா தாங்காதுங்க. இருக்குற வரைக்கும் வலி இல்லாம வச்சுக்கங்க" என்று அப்பாவிடம் சொல்லி, வலிக்குச் சொட்டு மருந்தும் ஊசியில்லாத இரண்டு சிரிஞ்சுகளும் கொடுத்தார். படுக்கை ஈரமில்லாமல் இருக்க வேண்டும், பக்கத்தில் சத்தம் கூடாது, பிடித்ததைத் தின்னட்டும், தின்னாவிட்டால் வற்புறுத்த வேண்டாம் என்றார். அதில் பாதிதான் என் காதில் ஏறியது. மருந்து இருக்கிறது, சிரிஞ்சு இருக்கிறது, அப்புறம் எப்படிப் பிழைக்காமல் போகும் என்பது என் கணக்கு.

கிளம்பும்போது நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அதற்கு முந்தைய மாதம் கீழ்பென்னாத்தூரில் பெரியம்மாவின் மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்தார். "இழுத்துக்கிட்டு இருக்கு" என்று சொல்லி உறவுக்காரர் எல்லோரும் ஒவ்வொருவராகப் போய் அந்த அம்மாளின் வாயில் ஒரு கரண்டி பால் ஊற்றினார்கள். பெரியவர்களின் இடுப்புகளுக்கு நடுவே தலையை நுழைத்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா ஊற்றினாள், பால் கடைவாயில் வழிந்தது, மூச்சு நின்றுவிட்டது. இதிலிருந்து நான் என்ன முடிவுக்கு வந்திருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

"பால் குடுத்தா செத்துடுமா சார்?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"பால் இதுக்கு ஆகவே ஆகாதும்மா. ஒரு சொட்டுகூடக் குடுத்துடாத" என்றார். அவர் சொன்னது அதன் வயிற்றைப் பற்றி. நானோ பெரிய படிப்புப் படித்தவரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பாலுக்குத் தடை. காலையில் வரும் பாக்கெட்டை எல்லோருக்கும் முன்னால் எழுந்து எடுத்துப்போய்ச் சாக்கடையில் கொட்டினேன். இரண்டு நாள் பால்காரரைத் திட்டிய அம்மா, மூன்றாம் நாள் என்னைக் கையும் களவுமாகப் பிடித்தாள். ஏன் என்று கேட்டதற்குப் பூசணியின் பெட்டியைக் காட்டி அழுதேன். என்ன நினைத்தாளோ, அடிக்கவில்லை. பூசணி இருக்கும்வரை வீட்டில் கடுங்காப்பிதான் என்று அவளே அறிவித்துவிட்டாள். டீ இல்லாமல் அப்பாவுக்கு விடியாது. பெட்டிக்குள் குனிந்து, "சீக்கிரம் எழுந்து ஓடுப்பா, எனக்கு டீ வேணும்" என்று அதனிடம் கெஞ்சுவார்.

செய்ய வேண்டியதையெல்லாம் செய்தோம். சுடுதண்ணீர் பாட்டிலை அப்பாவின் பழைய காலுறைக்குள் நுழைத்து அதன் முதுகுப்பக்கம் வைப்போம். ஒரு நாளைக்கு மூன்று முறை காகித மெத்தையை மாற்றுவோம். பின்பக்கத்தை வெதுவெதுப்பான நீரில் துடைத்து, மருந்தைச் சொட்டுக் கணக்கில் விடுவோம். இவற்றோடு நான் நின்றிருக்க வேண்டும். நின்றேனா? புல்லையும் கேரட்டையும் அரைத்துக் கரைத்து, பள்ளிக்கூடம் போகும்முன் இரண்டு முறை, வந்தபின் நான்கு முறை, சிரிஞ்சால் கடைவாயில் செலுத்தினேன். பூசணி முன்னங்கால் இரண்டாலும் சிரிஞ்சைப் பிடித்துத் தள்ளும். என் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும் அந்தப் பாதங்கள். "அது வேணாங்குதுடி, வுட்டுடு" என்றாள் அம்மா. விட்டால் செத்துவிடும் என்று நான் விடவில்லை.

பௌர்ணமி அன்று பெரியம்மா வந்தாள். கிரிவலக் கூட்டத்துக்காகப் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து மத்தியான வெயிலில் நடந்து, ஒரு கையில் பூசணிக்கென்று ஒரு கட்டுப் புல்லும் மறுகையில் தன் மாட்டுப் பால் நிறைந்த தூக்குமாக வாசலில் வந்து நின்றாள். எப்போது வந்தாலும் எங்களுக்குப் பால் கொண்டுவருவது அவள் வழக்கம். நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன்.

"நீ உள்ள வராத பெரிம்மா. அன்னைக்கு நீ பால் ஊத்தித்தான் அவங்க செத்தாங்க. இதையும் சாவடிக்க வந்திருக்கியா?"

அம்மா பின்னாலிருந்து ஓடிவந்து என் முதுகில் ஒன்று வைத்தாள். பெரியம்மா அவளைத் தடுத்துவிட்டுத் தூக்கை வாசற்படிக்கு வெளியிலேயே வைத்தாள். முகமெல்லாம் வியர்வை. முந்தானையால் துடைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தபடி சொன்னாள்.

"மூணு நாளா ஒண்ணும் எறங்கலடி அவங்களுக்கு. உதடெல்லாம் காஞ்சு வெடிச்சுக் கெடந்துச்சு. நான் நனைச்சேன். அவ்ளோதான்."

பதினேழு வருடம் அந்த மாமியாரோடு அடுப்படியில் சண்டை போட்டவள் அவள் என்பது எனக்குத் தெரியும். அவள் குரல் உடைந்து அன்றுதான் கேட்டேன். வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது, கதவிலிருந்து விலகினேன்.

பெரியம்மா கைகால் கழுவிக்கொண்டு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் வழக்கம்போலச் சிரிஞ்சோடு போனேன். பூசணி பாதங்களைத் தூக்கியது, ஆனால் தள்ளுவதற்குக்கூட அதற்குப் பலமில்லை. பாதங்கள் வெறுமனே சிரிஞ்சின்மேல் கிடந்தன. அது வேண்டாம் வேண்டாம் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை நான் அப்போதுதான் கேட்டேன். கரைசலைக் கீழே வைத்துவிட்டேன். பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அதன் வாயோரம் வைத்தேன். நாக்கு நுனி வந்து இரண்டு தடவை தொட்டுவிட்டுப் போயிற்று. மருந்து விட்டேன். மெத்தையை மாற்றினேன். மறுநாள் காலை பள்ளிக்கூடச் சீருடையில் நான் மடியில் வைத்திருந்தபோது அது போய்விட்டது. என் கையை எதுவும் தள்ளவில்லை. கடைக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் அப்பா குழி வெட்டினார். அன்றைய கோணல் நகல்களை அடியில் பரப்பித்தான் புதைத்தோம்.

அந்தக் கடை இன்று இல்லை. சான்றுகளுக்குக் கைப்பேசியிலேயே விண்ணப்பிக்கிறார்கள். கடை இருந்த இடத்தில் கைப்பேசி உறை விற்கிறார்கள். முருங்கையையும் வெட்டிவிட்டார்கள். சென்ற வருடம் அப்பாவும் போய்விட்டார். இனிச் செய்ய ஒன்றுமில்லை, வலி இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னபோது, அந்தச் சொற்களை நான் முன்பே கேட்டிருந்தேன்.

வீட்டுக்கு அழைத்து வந்தோம். அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. மணிக்கொரு தரம் கஞ்சியைக் கரைத்துக் கரண்டியோடு வந்துவிடுவாள். அப்பாவின் கை எழுந்து கரண்டியின்மேல் வெறுமனே கிடந்ததை ஒருநாள் பார்த்தேன். "அப்பா வேணாங்கிறாரும்மா, வுட்டுடு" என்று சொல்லி அவள் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். அவள் என்னை முறைத்தாள். பிறகு அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் பெரியம்மா வந்தாள். இப்போது அவளால் வேகமாக நடக்க முடிவதில்லை. வாசலில் என்னைக் கண்டதும் நின்றுவிட்டாள், கையில் தூக்கு. இத்தனை வருடத்துக்குப் பிறகும் என்னிடம் அனுமதி கேட்பவளைப் போல நின்றாள்.

நான் கதவை அகலத் திறந்து தூக்கை வாங்கிக்கொண்டேன். பால் இளஞ்சூடாக இருந்தது. முதல் கரண்டியை நானே எடுத்து, அப்பாவின் உதட்டை நனைத்தேன்.