மயிலாத்தாள் கேட்ட கோப்பை

என் ஓரகத்தி மயிலாத்தாளை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். சோமனூரில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த வீடு. அவள் புருஷன் ரங்கராஜ், என் வீட்டுக்காரருக்கு அண்ணன், லாரியோடு போனால் மாதக் கடைசியில்தான் திரும்புவார். கொட்டகையில் இருந்த விசைத்தறிகளை அவளே ஓட்டி, ஒற்றை மகள் நந்திதாவை வளர்த்தாள். யாரிடமும் வாய் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் கேட்க மாட்டாள். இப்படியும் ஒரு பிறவியா என்று முகத்துக்கு நேராகவே திட்டியிருக்கிறேன்.

அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. பெரியநாயக்கன்பாளையத்துப் பிறந்த வீட்டு அலமாரியில் இருந்த வெள்ளிக் கோப்பை.

வெள்ளைக்காரன் காலத்து மாட்டுக் கண்காட்சி ஒன்றில் அவள் அப்பன் நஞ்சுண்டன் ஓட்டிப்போன காங்கேயம் ஜோடிக்கு முதல் பரிசாக ஒரு துரை கொடுத்தது. இரண்டு பக்கமும் கைப்பிடி, நடுவில் ஆங்கில எழுத்தில் அவர் பெயர். எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன், அந்த எழுத்துகளை விரலால் தடவித் தடவியே பழகியிருந்தார். மழை பொய்த்த வருஷங்களில் மாடுகளை விற்றார், காட்டில் பாதியை விற்றார், கோப்பையை மட்டும் விற்கவில்லை.

மூன்று வயதில் மயிலாத்தாள் அதைத் தூக்கிக் கல்லில் போட்டு, ஓரத்தில் ஒடுக்கு விழுந்துவிட்டது. தட்டி நிமிர்த்திக்கொண்டு வரலாம் என்று ஆத்தா சொன்னதற்கு, “அது எம்பட புள்ள வெச்ச முத்திரை, கெடக்கட்டும்” என்றாராம். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் அதில்தான் கஞ்சி. இதை எத்தனை முறை என்னிடம் சொல்லியிருப்பாள்! “கோப்பைப் புராணத்த நிறுத்துங்கக்கா, கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு” என்று கேலி செய்வேன். அவளும் சிரிப்பாள்.

அந்த வீட்டில் அப்பனின் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. தொண்ணூற்று மூன்றில் அவர் இறந்தபோது, கோப்பையைக் கேளுங்கள் என்று நான் தலையால் அடித்துக்கொண்டேன்.

“பொறந்த ஊட்டுல சும்மா கை நீட்டுனா பங்கு கேக்கறாப்பல ஆயிப்போகும் அம்மணி. நந்திதாளுக்குத் தெரட்டி வரட்டும். தாய்மாமன் சீராக் கேட்டா ஆரும் ஒண்ணும் பேச மாட்டாங்க” என்றாள்.

இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டு பொறுத்தாள். நந்திதா வயதுக்கு வந்த சேதி கேட்டு அவள் தம்பி அரங்கசாமி ஓடிவந்தான். “என்ன சீர் வேணும்னு வாய் தொறந்து சொல்லுங்கக்கா.”

“அப்பன் கோப்பையக் கொண்டா சாமி. பவுனும் வேண்டாம், பட்டும் வேண்டாம்.”

அவன் கண் கலங்கிவிட்டது. “அட, இவ்வளவுதானாக்கா? ஊரே மெச்சறாப்பல செஞ்சுபோடறேன்” என்று போனான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

தெரட்டிச் சீர் அன்று தறிகளை நிறுத்திப் பந்தல் போட்டிருந்தோம். மேளத்தோடு சீர்த்தட்டுகள் வந்தன. அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி ஒவ்வொரு தட்டாக எட்டிப் பார்த்தாள். நடுத்தட்டை மூடியிருந்த சிவப்புத் துணியை அரங்கசாமி தானே விலக்கினான்.

உள்ளே பளபளவென்று ஒரு புது வெள்ளிக் குடம்.

“பழசோட நானும் வெள்ளி போட்டு, ஆர்.எஸ்.புரத்துல சொல்லிச் செஞ்சதுங்கக்கா. ஒடுக்கு விழுந்தத சீர்த்தட்டுல வெச்சா ஊரு என்ன பேசும்? என்ற அக்காளுக்கு நான் பழசக் குடுப்பனா? அப்பன் வெள்ளி இதுக்குள்ளதான் இருக்குது.” பெருமையாகக் குடத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினான்.

அடப்பாவி, உருக்கிவிட்டாயா என்று கத்தப்போனேன். அக்கா என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். நல்ல காரியம் நடக்கும் வாசலில் கண்ணீர் விழக் கூடாது. “ரொம்ப நல்லாருக்குது சாமி” என்றாள். குடத்தை வாங்கி மகள் முன்னால் வைத்தாள். பந்தியில் தம்பியின் இலைக்கு இன்னொரு கரண்டி நெய் ஊற்றினாள்.

சாயங்காலம் அவன் கிளம்பும்போது, ஓரமாகக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எழுந்தேன்.

“சொல்லிப்போடாத அம்மணி. ஆசையாச் செஞ்சுட்டான். தெரிஞ்சா அவனுக்குச் சோறு எறங்காது. பொறந்த ஊடுன்னு எனக்கு இனி அவன் ஒருத்தன்தான்.”

அவன் வண்டி தெருமுனை திரும்பியதும் கொட்டகையில் தறிச் சத்தம் கேட்டது. விசேஷ நாளில் எந்தப் பைத்தியம் தறியைப் போட்டது என்று ஓடினேன். பாவு நூல் ஏற்றாத தறி தடதடவென்று வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் தூணைக் கட்டிக்கொண்டு அக்கா நின்றாள். வாய் முழுக்கத் திறந்திருந்தது. கிட்டே போன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது.

“அப்பா... அப்பா...”

பந்தலில் இன்னும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துத் தறியின் சுவிட்சையும் போட்டுவிட்டேன்.