ஒரு கீ மட்டும்

பொன்னமராவதியில் நான் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்யும் அச்சகத்துக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்க்க வருகிறவர் அவர். நரைத்த மீசை, மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் கீபோர்டைத் தொடுவார். மவுஸ் பிடித்தே என் மணிக்கட்டு வீங்கியபோது, லினக்ஸ் டெஸ்க்டாப்பை அப்படியே விட்டுவிட்டு, திரையில் விண்டோக்களை அடுக்கிவைக்கும் விண்டோ மேனேஜரை மட்டும் மாற்றிக் கொடுத்தார். திறக்கிற விண்டோக்கள் தாமாகவே பக்கம் பக்கமாக நின்றன. மவுஸே வேண்டாம், எல்லாம் கீயில். என் விரல் எட்டுகிறதா என்று கேட்டுக் கேட்டு ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கீயாக வைத்தார்.

"இது ஒனக்குன்னே செஞ்சது ஆத்தா," என்றார்.

ஒரு திங்கட்கிழமை காலையில் வாசலில் அவர் செருப்பைப் பார்த்துச் சந்தோஷமாக நுழைந்தேன். என் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிட்டு எழுந்துகொண்டிருந்தார். நான் லீவு போட்டால் அதில் வேறு யாரும் வேலை பார்க்க முடியவில்லை என்று முதலாளி சொன்னாராம்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லண்ணே?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவே. அதான் நீ வாரதுக்குள்ள முடிச்சிருவோம்னு வந்தேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

டிசைன் ஃபைலைத் திறக்க அவர் வைத்த கீ மட்டும் இன்னும் வேலை செய்கிறது. மறந்துவிட்டாரா, எனக்காக விட்டுவைத்தாரா, தெரியவில்லை. மணிக்கட்டு வலிக்கிற நாளில்கூட அதை நான் தொடுவதில்லை.