நீல் தீவில் உட்கார்ந்து ஆரணித் தறியை ஓட்டிய கதை

2008 ஆடி மாதம் தனியாக அந்தமான் போய் வந்தேன். ஏன் என்று கேட்கிறார்கள். கடலை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது, போனேன். கோயிலுக்கு என்று சொல்லியிருந்தால் வீட்டில் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். சும்மா பார்க்கப் போகிறேன் என்றதால்தான் சண்டை வந்தது.

ஆரணியில் பத்துத் தறிகளுக்கு நீளவாக்கில் ஓடும் பாவும் ஊடைக்குப் பட்டும் கொடுத்து, கூலிக்கு நெய்து வாங்கி, கல்யாண வீடுகளுக்கு விற்பது என் தொழில். அஞ்சாம் வகுப்போடு படிப்பு முடிந்தது, அதனால் தொழில் ஒன்றும் நின்றுவிடவில்லை. என் மகன் குமாருக்கு இதையெல்லாம் எடுத்துவிட்டு பவர்லூம் போட ஆசை.

“இன்னாம்மா, வெளாடிகினு கீறியா? ஆவணியில வேலூர்காரங்க முகூர்த்தம். நீ அங்க போய் குந்திகினா இங்க தறிய யாரு பாக்கறது?”

“போன்ல நான் பாக்கறேன்.”

“ஒரு பொடவ லேட்டாச்சுன்னா? தறிய எங்கிட்ட உட்டுட்டு பேரப்புள்ளைங்கள பாத்துகினு இருப்பியா?”

“இருக்கறேன்” என்றேன். யோசித்துத்தான் சொன்னேன்.

ஆரணியிலிருந்து சென்னை 140 கிலோமீட்டர், பஸ்ஸில் நாலு மணி நேரம், 55 ரூபாய். சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலில் மூன்று இரவு, படுக்கைக்கு 1,700 ரூபாய். ஆடிக் கடல் ஆட்டி எடுக்கும். ஒரு டஜன் எலுமிச்சம்பழம் கொண்டு போனேன், நாலுதான் மிஞ்சியது. போர்ட் பிளேரிலிருந்து நீல் தீவுக்கு அரசுப் படகில் இரண்டு மணி நேரம், 195 ரூபாய்.

படகுத்துறையில் ஜீப் ஓட்டுகிறவர் தமிழ்க்காரர். “யாரு கூட வந்திருக்கீங்க பாட்டிம்மா?” என்று கேட்டார்.

“போன் கூட.”

விழுந்து விழுந்து சிரித்தார். மூன்று கிலோமீட்டருக்கு ஐம்பது ரூபாய் வாங்கும்போது சிரிக்கவில்லை.

ஒரு பெங்காலி அம்மா வீட்டில் குடிசை வாடகைக்கு எடுத்தேன், நாளுக்கு 200. சாப்பாடு 80, மீன்தான். எனக்கு இந்தி வராது. ஆனால் நம் ஊரில் பேசும் ஜல்தி, பேஜார் எல்லாம் அங்கேயும் செல்லுபடியாகிறது. அதை வைத்தே மூன்று வாரம் ஓட்டினேன்.

குடிசையில் சிக்னல் இல்லை. காலையில் டீ குடித்ததும் படகுத்துறைக்கு நடந்து, கவிழ்த்துப் போட்ட தோணிமேல் உட்காருவேன். முன்னால் பச்சையும் நீலமுமாகக் கடல். மழை விட்ட நேரத்தில் ஒரு சத்தம் இருக்காது. அங்கிருந்து வரிசையாகத் தறிக்காரர்களுக்குப் போன் போடுவேன். வேலை நடக்கிறது என்று வாயால் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன், போனைத் தறி பக்கத்தில் வைக்கச் சொல்வேன். கைத்தறி விடாமல் ஓடாது. இழை அறும், சேர்க்க வேண்டும். நெய்ததைச் சுருட்ட வேண்டும். நடுநடுவே நின்று நின்றுதான் சத்தம் வரும்.

வேலூர் கல்யாணப் பெண்ணின் கூறைப்புடவை பக்கத்து ஊர் சேவூரில் ஏழுமலை தறியில் இருந்தது. முகூர்த்தத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அவன் தறிச் சத்தம் நிற்காமல் வந்தது.

“இன்னாப்பா ஏழுமலை, வெத்தல போடக் கூட நேரமில்லியா?”

“ஜல்தியா முடிக்கலாம்னுதாம்மா…”

“எதுத்த வூட்டுக்காரங்கிட்ட அவன் பவர்லூம் நல்லா ஓடுதுன்னு சொல்லு.”

பவர்லூம் சத்தம் தூரப் போனது. பிறகு, “மழைல தறிக்குழில தண்ணி ஏறிடுச்சும்மா. மூணு நாளாச்சு, கால் வைக்க முடியல. உங்க புள்ளதான் சொல்ல வேணாம்னாரு” என்றான்.

குமாருக்குப் போட்டேன். “நீ பேஜாராயிடுவன்னுதாம்மா சொல்லல. கெளம்பி வந்துடு, பாத்துக்கலாம்” என்றான்.

கப்பல் கிடைத்து ஊர் சேரப் பத்து நாளாகும். அது அவனுக்கும் தெரியும். என்மேல் இருந்த அக்கறையா, தறிமேல் இருந்த கண்ணா என்று நான் கேட்கவில்லை. இரண்டுமாகவும் இருக்கலாம்.

“நான் வரல. நீ சேவூருக்குப் போ. ஏழுமலை தம்பி வூடு மேட்டுல கீது, தறி சும்மா கெடக்குது. பாவ அறுக்காம, இழை கோத்த அச்சோட கழட்டிச் சுருட்டி, தூக்கிகினு போய் அங்க மாட்டு.”

“நானா? தெருவுலயா?”

“ஆமா. உன் போன ஏழுமலை கையில குடு. பாவு உன் தோள்ல இருக்கட்டும்.”

முனகிக்கொண்டே போனான். இரண்டு தெரு தூரமும் போனைக் காதில் வைத்துக்கொண்டு நானும் கூடவே போனேன். “பவர்லூம் மொதலாளி நடந்து வர்றாரு, வழி உடுங்கப்பா!” என்று யாரோ கத்தினார்கள். பொம்பளைகள் சிரித்தார்கள். “சேத்துல பாத்துப் போ அண்ணே, பட்டு வுழுந்தா உங்கம்மா கடல நீஞ்சி வந்துடுவாங்க” என்றது ஒரு குரல். பாவு நனையாமல் போய்ச் சேர்ந்தது. அன்றைக்குப் போன் செலவு 110 ரூபாய்.

முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் புடவை தறியை விட்டு இறங்கியது. குமாரே வேலூருக்குக் கொண்டு போனான். அங்கிருந்து போன் செய்தான்.

“பிரிச்சிப் பிரிச்சிப் பாக்கறாங்கம்மா. இன்னும் ரெண்டு வேணுமாம். இன்னா கலரு சொல்றது?”

“நாளைக்குக் காலையில கேளு. இப்ப குளிக்கப் போறேன்” என்றேன். கடலில் இறங்கினேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். வயிறு கெட்டியாக இருந்தால் மட்டும் ஆடியில் போங்கள், ஆனால் கூட்டம் இல்லாத மாதம் அதுதான். எந்த சிம் அங்கே எடுக்கும் என்று போர்ட் பிளேரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பவளப்பாறை காலைக் கிழிக்கும், ரப்பர் செருப்பு வேண்டும். கரண்ட் போய்ப் போய் வரும், போனை நேரம் பார்த்து சார்ஜ் போடுங்கள். என் வயதுப் பெண்களுக்கு மட்டும் இன்னொன்று: போகலாமா என்று வீட்டில் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். தேதியைச் சொல்லுங்கள், போதும்.