தலைகீழாகத் தொங்கிய கொடி

மோர்டனில் என் மகளுக்குக் காற்பந்து பழக்கியவர் ஆர்ஜென்டினாக்காரர். மெலிந்த உடம்பு, நரைத்த தாடி. ஆட்டம் முடிந்ததும் தோடம்பழம் வெட்டி எதிரணிப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் கொடுப்பார். தன் ஊரில் ரசிகர்கள் ஒருவரையொருவர் குத்திக் கொன்றதைப் பார்த்தவர் என்பதால், மைதானக் கரையில் நிற்கும் பெற்றோர் எங்களைக் கத்தக்கூட விடமாட்டார். அவரை நம்பித்தான் பிள்ளையை அனுப்பினேன்.

போன மாதம் எதிரணியின் கொடி காணாமல்போய், எங்கள் உடைமாற்றும் அறையில் தலைகீழாகத் தொங்கியது. எடுத்தவள் என் பத்து வயது மகள். நான் உள்ளே போனபோது, ஸ்ட்ரெதமிலிருந்து வந்த எதிரணித் தமிழ்த் தகப்பன் ஒருவர் அவள் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

"உங்கட பிள்ளையோ அண்ணை? நல்லாத்தான் களவு பழக்கியிருக்கிறீங்கள்!"

கொடியைக் கழற்றிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். பயிற்சியாளரோ சிரித்துக்கொண்டு நின்றார்.

"நான்தான் எடுத்துவரச் சொன்னேன்," என்றார். "எதிரியின் கொடியைப் பறித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது எங்கள் ஊர் வழக்கம். சின்னப் பிள்ளையை யார் சந்தேகப்படுவார்கள்? இந்த வயதில் என்னையும் இப்படித்தான் அனுப்பினார்கள்."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கமே இல்லை. ஏதோ பரிசு வாங்கிய கதையைச் சொல்வது போலச் சொன்னார். அந்த முகத்தை இன்னும் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

அன்றே கழகத்துக்கு எழுதினேன். அவரை நிறுத்திவிட்டார்கள். செய்தியைச் சொன்னபோது மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"கோச் என்னை நம்பித்தானே அனுப்பினவர். நீங்கள் ஏன் அப்பா அவரைக் காட்டிக் குடுத்தனீங்கள்?"