கேன்சல் மேடம் கொடுத்த செக்

அந்த மோட்டார் கம்பெனியில் அவளுக்குப் பெயரே ‘கேன்சல் மேடம்’தான். சரக்கு கொடுத்தவர்களுக்குப் பணம் போடும் பிரிவில் அவள் மூத்தவள். ஆடிட்டர் வருவதற்கு முன்னால் பாக்கிக்காரர்கள் எல்லோருக்கும் மேனேஜர் செக் போட்டுக் கையெழுத்தும் இடுவார். கணக்கில் பாக்கி தீர்ந்த மாதிரி தெரியும். ஆடிட்டர் தலை மறைந்ததும், மேஜை டிராயரை விட்டு நகராத அந்தச் செக்குகளில் குறுக்கே கோடு கிழித்து, முத்திரை குத்தி, கம்ப்யூட்டரில் ரத்து செய்வது அவள் வேலை. வெளியே காத்திருப்பவர்களிடம், “அடுத்த வாரம் பாக்கலாங்க” என்று சொல்லி வசவு வாங்குவதும் அவள்தான். மேனேஜர் அறைக் கதவு சாத்தியே இருக்கும்.

அவள் கொழுந்தன் பெயிண்டர். கம்பெனி ஷெட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலையை அவள்தான் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக் கொடுத்தாள். வேலை முடிந்து மாதங்கள் ஓடின, பணம் வரவில்லை. ஆட்களுக்குக் கூலி கொடுக்க ஸ்கூட்டரை விற்றுவிட்டு, ஏணியைத் தோளில் சுமந்து நடந்தான்.

“உங்க ஆபீஸ்தானே அக்கா, ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?” என்றாள் ஓரகத்தி.

அந்த முறை ஆடிட்டர் போனபின் ரத்து செய்ய வந்த செக்குக் கட்டுக்குள் கொழுந்தன் செக்கும் இருந்தது. பேனாவைத் திறந்தவள் மூடினாள். அதை மட்டும் கைப்பையில் போட்டுக்கொண்டு போய் அவனிடம் நீட்டினாள்.

“காலையில முதல் ஆளா பேங்க்ல போட்டுடு. யார்கிட்டயும் மூச்சு விடாதே.”

அவனுக்குப் பணம் வந்தது. அவளுக்கு வேலை போயிற்று.

“போலீசுக்குப் போகாம விட்டேனேன்னு சந்தோஷப்படுங்க” என்றார் மேனேஜர்.

வேறெங்கும் கணக்கு வேலை கிடைக்கவில்லை. விசாரிக்கிறவர்கள் அவருக்குத்தானே போன் போடுகிறார்கள். ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி பில் போட்டாள். கணவன், “உன்னை யாரு நல்லது பண்ணச் சொன்னா?” என்று கேட்டதோடு சரி.

ஒருநாள் கொழுந்தன் சட்டையெல்லாம் மஞ்சள் பெயிண்டோடு வந்தான்.

“எங்க வேலை?”

அவன் சுவரைப் பார்த்தான். “உங்க பழைய மேனேஜர் வீடுதான் அண்ணி. புதுசா கட்டியிருக்காரு.”

“போனியா?”

“கூப்பிட்டாரு. அட்வான்ஸும் கையில கொடுத்துட்டாரு. வேணாம்னா என் பொழப்பு? அன்னிக்கும் நான் செஞ்ச வேலைக்குத்தானே காசு வாங்கினேன்?”

அதில் குற்றம் சொல்ல அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதுதான் நெஞ்சில் எரிந்தது. வீங்கிய கால்களை நீட்டி உட்கார்ந்து, கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். வந்தவனைச் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.